ஒரே பெஞ்சில் மூன்று மீட்டர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பல் டாக்டரின் விமானம் கைமாறப் போகிறது என்பது தெருவில் முதலில் எனக்குத்தான் தெரிந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் சமையலறை ஜன்னலும் எங்கள் சமையலறை ஜன்னலும் எட்டடி இடைவெளியில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. டாக்டரின் மனைவியோ முப்பத்திரண்டு வருடம் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும்படி பேசிப் பழகிய தலைமையாசிரியை. காதைப் பொத்திக்கொண்டு யாராலும் பாத்திரம் கழுவ முடியாது.

விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். மூக்கில் ஒரே ஒரு விசிறி. டாக்டரைவிட நாலைந்து வயதுதான் இளையது. ஊருக்கு வெளியே உள்ள சின்ன விமானத்தளத்தில், தகரக் கொட்டகை ஒன்றில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் டாக்டர் அதை எடுத்துக்கொண்டு மேலே போவார், ஒரு சுற்றுச் சுற்றுவார், இறங்குவார். எங்கேயும் போய்ச் சேர்வது கிடையாது. "பெட்ரோலைக் கொட்டி எங்கே கிளம்பினாரோ அங்கேயே வந்து நிக்கிறார்" என்பார் டீச்சர். ஆமாம், அவரைத் தெருவில் எல்லோருமே டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். டாக்டர் உட்பட.

டாக்டருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பறப்பது, இன்னொன்று துடைப்பது. ஓய்வு பெற்ற பிறகு துடைப்பதற்கு வாய்கள் கிடைக்காமல் போய்விட்டதால் விமானத்தைத் துடைக்க ஆரம்பித்தார். இறக்கையின் அடிப்பக்கத்தைக்கூட மல்லாந்து படுத்துத் துடைப்பார். கொட்டகையின் சிமென்டுத் தரைக்குச் சாம்பல் வண்ணம் பூசி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லி விமானிகள் சங்கத்தில் சண்டை இழுத்தவர் அவர்.

சரி, விற்கும் கதைக்கு வருகிறேன்.

நாலு மாதமாக அந்த விமானத்துக்கு ஒரு வியாதி. பழைய முள் மீட்டர்களை எடுத்துவிட்டு, போன வருடம் டாக்டர் ஆசையாகப் புதுத்திரை ஒன்றை வைத்திருந்தார். ஆயில் சூடு, ஆயில் பிரஷர், சிலிண்டர் சூடு, பெட்ரோல் அளவு எல்லாவற்றையும் வண்ணக் கோடுகளாகக் காட்டும். பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் இறங்கு. கொட்டகையில் நிற்கும்போது திரை சமர்த்தாக இருக்கும். என்ஜின் ஓடி, மேலே கிளம்பியதும் கோடுகள் ஏற ஆரம்பிக்கும். ஒரு தடவை பாதி வழியில் திரும்பினார். அடுத்த தடவை எங்கேயோ இருந்த வேறு தளத்தில் இறங்கி, டீச்சருக்கு ஃபோன் செய்து, "பயப்படாதே, நான் உயிரோடதான் இருக்கேன்" என்று ஆரம்பித்தார். ஒரு மனிதர் மனைவியிடம் இப்படியா ஆரம்பிப்பது? அன்று முழுக்க டீச்சர் வீட்டுக் குக்கர் விசில்கூடச் சத்தம் குறைத்து அடித்தது.

தரையில் கொண்டுவந்து சோதித்தால் ஒன்றுமே இல்லை. பல்வலிக்காரன் டாக்டர் வீட்டு வாசற்படி ஏறியதும் வலி நின்றுபோகுமே, அதே கதைதான். மற்றவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தவருக்கே அது வந்து வாய்த்தது.

வைத்தியம் பார்த்தவர் தளத்து மெக்கானிக். அவரை எல்லோரும் 'அடுத்தவாரம்' என்று கூப்பிடுவார்கள், காரணம் சொல்லத் தேவையில்லை. கெட்டிக்காரர்தான், கை சுத்தம். ஆனால் அவருடைய முறை ஒன்றே ஒன்று: சந்தேகப்படுகிற சாமானைக் கழற்றிப் புதுசு போடுவது. ஆயில் சூட்டுக்கான சென்சாரை மாற்றினார். சரியாகவில்லை. பிரஷர் சென்சாரை மாற்றினார். ஆகவில்லை. ஸ்டார்ட் ஆவதற்கும் என்ஜின் சோம்பல்படுகிறது என்று பேட்டரியை மாற்றினார். கடைசியில் திரையையே கழற்றிக் கம்பெனிக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து அது, 'குறை ஏதும் இல்லை' என்ற ஒரு வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது.

அந்த வாரம்தான் ஜன்னல் வழியாக இது வந்தது:

"இன்னொரு தடவை சிவப்பு வந்துச்சுன்னா வித்துடணும். சரியா?"

"ம்."

"ம்-னா என்ன? சத்தமா."

"சரி டீச்சர்!"

அடுத்த ஞாயிறு சிவப்பு வந்தது. மேலே யார் பார்த்தார்கள்? சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் டாக்டர் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல், "வந்துடுச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். முப்பது வருடம் 'வலிக்கவே வலிக்காது' என்று சொன்னதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதற்கப்புறம் அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. டீச்சரும் சாப்பிடவில்லை, ஆனால் முடிவை மாற்றவில்லை. டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் ரொம்ப நாளாக அந்த விமானத்தின்மேல் கண் வைத்திருந்தார். அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். சனிக்கிழமை பத்து மணி.

டீச்சருக்குக் கார் ஓட்டத் தெரியாது. டாக்டரோ விடிந்ததுமே கிளம்பிப் போய்விட்டார், கடைசியாக ஒரு தடவை துடைக்க. ஆகவே டீச்சர் என் காரில் வந்தார். நான் அங்கே போனது வம்புக்காக அல்ல, வாகனத்துக்காக.

"நீங்க எதுக்கு டீச்சர் போகணும்? அவங்களே கையெழுத்துப் போட்டுக்க மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"போடுவாங்க. மூணு ஆம்பளைங்க ஒரு விமானத்தைச் சுத்தி நின்னா அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு முடிச்சுடுவாங்க. கையெழுத்து விழற வரைக்கும் நான் கூட நிக்கணும்."

கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்தவாரம் பிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார், டீச்சரைக் கண்டதும் ஏனோ அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். டைல்ஸ்காரர் விமானத்தை மூக்கிலிருந்து வால்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். உள்ளே வெற்றிடம் இருந்தால் வருகிற பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்று தொழில் பழக்கத்தில் பார்க்கிறார் போலிருக்கிறது. விமானத்தில் எங்கே தட்டினாலும் பொள்ளலாகத்தான் கேட்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"என்ஜினை ஓட்டிக் காட்டுங்க டாக்டர். கோளாறு எப்படியிருக்குன்னு கண்ணால பாத்துக்கறேன்" என்றார் டைல்ஸ்காரர்.

விமானத்தை வெளியே தள்ளி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். டாக்டர் இடப்பக்கம், டைல்ஸ்காரர் வலப்பக்கம். பின்சீட்டில் அடுத்தவாரம். அவருக்குப் பக்கத்தில், "நான் இல்லாம எதையாவது மறைச்சுடுவீங்க" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் ஏறி உட்கார்ந்தார். எனக்கு இடமில்லை. எனவே உள்ளே நடந்ததைப் பிறகு நாலு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒட்டுப்போட்டுத்தான் எழுதுகிறேன். நாலு பேரும் ஒரே மாதிரி சொன்ன இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என்ஜின் இரண்டு மூன்று தடவை முனகிவிட்டுப் பிடித்தது. கோடுகள் பச்சையின் மேல்விளிம்பில் நின்றன. டைல்ஸ்காரர், "லைட்டெல்லாம் எரியுதா?" என்று கேட்டார். டாக்டர் தரையிறங்கும் விளக்கின் சுவிட்சைப் போட்டார். கோடுகள் சட்டென்று சிவப்புக்கு ஏறின.

"இதான்" என்றார் டாக்டர், துக்க வீட்டுக் குரலில்.

எல்லோருக்கும் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தார்கள். அது இல்லாமலும் டீச்சர் குரல் கேட்டிருக்கும்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. லைட்டைப் போட்டேன்."

"அணைங்க."

அணைத்தார். மூன்று கோடுகள் இறங்கின.

"போடுங்க."

ஏறின.

"அணைங்க. போடுங்க. அணைங்க." வெளியே நின்ற எனக்கு விமானம் யாருக்கோ கண்ணடிப்பதுபோல் இருந்தது. "சரி, என்ஜினை நிறுத்துங்க."

இறங்கி வந்த டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. விமானம் விற்க வந்த முகம் போய், விடைத்தாள் திருத்துகிற முகம் வந்துவிட்டது. அது வந்துவிட்டால் அவருக்கு வீடு, வாசல், புருஷன், எதுவும் நினைவிருக்காது.

"இந்தாப்பா" என்று அடுத்தவாரத்தைக் கூப்பிட்டார். அந்த மனிதருக்கு நாற்பத்தெட்டு வயது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு வந்து நின்றார். "ஆயில் சூடு, பிரஷர், சிலிண்டர். மூணும் ஒரே நேரத்துல ஏறுது, ஒரே நேரத்துல இறங்குது. சரியா?"

"ஆமா டீச்சர். அதனாலதான் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன். சிலிண்டர் சென்சார் இன்னும் மாத்தல. அடுத்த…"

"ஒரு வகுப்புல மூணு பசங்க ஒரே கணக்குல ஒரே தப்பை ஒரே மாதிரி போட்டிருந்தா நீ என்ன நினைப்பே?"

"மூணு பேருக்கும் கணக்கு வராதுன்னு."

"முப்பத்திரண்டு வருஷத்துல மூணு பசங்க தனித்தனியா யோசிச்சு ஒரே தப்பைப் பண்ணி நான் பாத்ததில்ல. மூணு பேரும் ஒருத்தனைப் பாத்து எழுதியிருக்காங்க. நீ பாத்து எழுதினவனையே அடிச்சிட்டிருக்கே. எவனைப் பாத்து எழுதினாங்கன்னு தேடலையே?"

அடுத்தவாரம் தலையைச் சொறிந்தார். டைல்ஸ்காரர் தட்டுவதை நிறுத்தினார்.

"அப்புறம் இந்தப் பெட்ரோல். இவன் மட்டும் ஏன் ஆடவே இல்ல? இவன் மட்டும் நல்ல பையனா?"

"அது வேற டீச்சர். அதோட சென்சார் இறக்கையில, டேங்குல இருக்கு. மத்த மூணும் என்ஜின்ல…" சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. டாக்டர் பழக்கதோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அப்ப இவன் வேற பெஞ்ச்" என்றார் டீச்சர். "அந்தப் பெஞ்ச்ல உக்காந்திருக்கிற மூணு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு, அதைச் சொல்லு."

"எர்த்" என்றார் அடுத்தவாரம். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் அவர் வாழ்க்கையில் எதையுமே அவ்வளவு வேகமாகச் செய்திருக்க மாட்டார். பதினைந்து நிமிடத்தில் விமானத்தின் மூக்கு மூடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டார்.

எனக்கு விளங்குகிற மாதிரி அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். என்ஜின் ரப்பர் திண்டுகள்மேல் உட்கார்ந்திருக்கிறதாம். விளக்குக்கும் மற்றதற்கும் மின்சாரம் கொடுக்கிற ஆல்டர்னேட்டர் என்ஜினோடு இருக்கிறது. போன மின்சாரம் விமானத்தின் உடம்பு வழியாக என்ஜினுக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு வழி, சடைப்பின்னல் மாதிரி ஒரு செம்புக் கம்பிப் பட்டை. அந்த வழி அடைபட்டால் மின்சாரம் முட்டி மோதும். என்ஜினில் உட்கார்ந்திருக்கிற சென்சார்கள் மூன்றும் உளற ஆரம்பிக்கும். விளக்கைப் போட்டால் கூட்டம் அதிகம், உளறலும் அதிகம். என்ஜின் ஓடாதபோது கூட்டமே இல்லை, எல்லாம் சமர்த்து. தரையில் சோதித்தபோதெல்லாம் அவர் விளக்கைப் போட்டதே இல்லையாம், மேலே கிளம்பும்போது டாக்டர் போடாமல் இருந்ததே இல்லை. இறக்கையில் உள்ள பெட்ரோலுக்கு இந்த வம்பே கிடையாது.

"ஆனா டீச்சர், பட்டை நல்லாத்தான் இருக்கு. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு பாருங்க" என்றார், டார்ச் அடித்துக் காட்டி.

உண்மையிலேயே பளபளவென்று இருந்தது. அதைச் சுற்றி எல்லாமே எண்ணெயும் கரியுமாக இருக்க, அந்த ஒரு மூலை மட்டும் மணப்பெண் கணக்காக.

அப்போதுதான் கவனித்தேன். டாக்டர் இரண்டடி பின்னால் போயிருந்தார். மற்றவர்களை வாய் திறக்கச் சொல்லியே காலம் தள்ளியவர் தன் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார். டீச்சரும் கவனித்தார்.

"ஏங்க."

"ம்."

"ம்-னா என்ன?"

"அந்த இடத்துல கொஞ்சம் துரு இருந்துச்சு" என்றார் டாக்டர்.

அடுத்தவாரம் போல்ட்டைக் கழற்றினார். பட்டையின் முனை உட்கார்ந்திருந்த இரும்பு, பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். வெள்ளை உரிந்தது. அதற்குக் கீழே இன்னொரு வெள்ளை.

"ரெண்டு கோட் பெயிண்டா சார்?" என்றார், குரலில் ஒரு பக்தியோடு.

"சொத்தை விழுந்த மாதிரி இருந்துச்சுப்பா." டாக்டரின் கை தானாகவே காற்றில் ஒரு பல்லைச் சுரண்டியது. "சும்மா விட்டா பரவும். அதனால போல்ட்டைக் கழட்டி, நல்லா சுரண்டி, காய வெச்சு, அடைச்சு, மேல பெயிண்ட் அடிச்சு… திரும்ப மாட்டிட்டேன். பட்டை முனைக்கும் ஒரு கை பூசினேன். உள்ள ஈரம் போகக் கூடாதில்ல?"

"ஈரம் போகல சார். கரண்டும் போகல."

"எப்ப பண்ணீங்க?" என்றார் டீச்சர்.

டாக்டர் விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் நாலு விரல் நின்றது. அதை அவரே பார்த்துவிட்டுக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"நாலு மாசமா நான் சென்சார் சென்சாரா மாத்திட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார் அடுத்தவாரம்.

"நீ கோளாறு என்னன்னுதானே கேட்டே? நான் கோளாறு எதுவும் பண்ணலையே. சுத்தம்தானே பண்ணேன்?"

டைல்ஸ்காரர் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, டீச்சர் திரும்பிப் பார்த்ததும் இருமினார்.

இரும்பு பளிச்சென்று தெரியும்வரை பெயிண்டைச் சுரண்டி, பட்டையின் முனையைத் தேய்த்து, போல்ட்டை முறுக்கினார்கள். மறுபடி நாலு பேரும் ஏறினார்கள். என்ஜின் ஓடியது. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. டீச்சர் சொல்லச் சொல்ல எட்டுத் தடவை. கோடுகள் பச்சையின் நடுவில், அசெம்பிளியில் நிற்கிற பிள்ளைகள்போல அசையாமல் நின்றனவாம்.

இறங்கியதும் டைல்ஸ்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப என்ஜின்ல ஒரு குறையும் இல்ல! ரொம்ப சந்தோஷம். குடுங்க டாக்டர், பேப்பர்ல கையெழுத்தைப் போட்டுடலாம்." இறக்கைமேல் தாளை விரித்து, பேனாவின் மூடியையும் கழற்றி வைத்தார்.

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கெஞ்சுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். இப்போதுதான் சரியாகிவிட்டதே, யார் வேண்டுமானாலும் கெஞ்சுவார்கள். அவரோ பேனாவை எடுத்தார். "சிவப்பு வந்தா வித்துடறேன்னு சொன்னேன். வந்துச்சு" என்றார் டீச்சரிடம். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. கையெழுத்துப் போடுகிற இடம் எது என்று குனிந்து தேடினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

டீச்சர் வாய்க்குள் எதையோ மென்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரியும், அவர் மனதார அந்த விமானம் தொலையட்டும் என்றுதான் வந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அது இறங்குகிற நேரம்வரை அவர் வீட்டில் டிவி ஓடாது. ஒரு நிமிடம் சும்மா இருந்தால் போதும், இனி எல்லா ஞாயிறும் நிம்மதி.

"பேனாவைக் கீழ வைங்க" என்றார்.

"ஏன்?"

"பரீட்சையில கேள்வியே தப்பா வந்துட்டா என்ன பண்ணுவாங்க தெரியுமா? எழுதினவன் எல்லாருக்கும் மார்க் குடுத்துடுவாங்க. சிவப்பு வந்துச்சான்னு நான் கேட்டேன். அந்தச் சிவப்பே பொய். நான் கேட்ட கேள்வி தப்பு." மூச்சு வாங்கிக்கொண்டார். "மார்க் குடுத்தாச்சு. போங்க."

டாக்டருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவைத் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். டைல்ஸ்காரர்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"டீச்சரம்மா, நான் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கேன்" என்றார் அவர் பரிதாபமாக.

"அதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் தம்பி. ஆனா ஒண்ணு சொல்றேன். விமானத்துமேல தப்பில்ல. தப்பெல்லாம் இவர்மேல. விக்கறதா இருந்தா இவரைத்தான் விக்கணும். உங்களுக்கு வேணுமா?"

டைல்ஸ்காரர் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். "வேணாம்மா. ரொம்பப் பழசு" என்றார்.

கொட்டகை வாசல் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்காமல், "பெயிண்ட் டப்பா எங்க?" என்று கேட்டார். டாக்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். டீச்சர் கையை நீட்டியபடியே நின்றார். இரண்டாவதைக் கொண்டுவந்தார். கை மடங்கவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்றாவது வந்தது. "பறக்கலாம். துடைக்கலாம். திருப்புளியைத் தொடறதுக்கு முன்னாடி இவன்கிட்ட கேக்கணும்" என்று அடுத்தவாரத்தைக் காட்டினார். அந்த மனிதர் மானிட்டர் பதவி கிடைத்த மாதிரி நிமிர்ந்தார்.

திரும்பும்போது மூன்று டப்பாவும் டீச்சரின் மடியில். பாதி தூரத்தில் ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னார்:

"அஞ்சு நிமிஷம் என் வாயை மூடிட்டு இருந்திருந்தா வித்துத் தொலைஞ்சிருக்கும்."

"பின்ன ஏன் டீச்சர் பேசினீங்க?"

"மூணு பசங்க ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க, அதைப் பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருக்கறது?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். பச்சை விழுந்ததும், "வண்டியை எடு" என்று அதற்கும் ஒரு அதட்டல்.

அடுத்தவாரம் சொன்ன சொல் தவறாமல் அடுத்த வாரமே எல்லாவற்றையும் முறைப்படி சோதித்து எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பறந்தார். சாயங்காலம் நான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன். டீச்சரும் அவர்கள் மாடியில் நின்றார், கையில் காலிக் கூடை. கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. விமானம் ஒரு சுற்றுச் சுற்றிக் கிழக்கே இறங்கி மறையும்வரை கூடையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் ஃபோன் அடித்தது.

"இறங்கியாச்சா? சரி, ஒவ்வொண்ணா சொல்லுங்க. ஆயில் சூடு?… ம். பிரஷர்?… ம். சிலிண்டர் நாலும் தனித்தனியா சொல்லுங்க, மொத்தமா நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது… ம்… ம்… ம்… நாலாவது?… அது ஏன் மத்ததைவிட அஞ்சு கூட?… எப்பவுமே அப்படித்தானா? அவன் சொன்னானா, நீங்களா சொல்றீங்களா?… சரி."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் டாக்டர் மேகத்தைப் பற்றியோ எதைப் பற்றியோ ஆனந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும், டீச்சர் முகம் லேசாக இளகியது. என்னைப் பார்த்ததும் இறுக்கிக்கொண்டார்.

"சரி சரி, போதும். வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி ஃபோனை வைத்தார்.